பதிப்புரிமை பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? முதலில் ஒரு தேதியைத் தேடுங்கள்

திருட்டு நகலால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற புத்தகத்தைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா, பதிப்புரிமைக் காலத்தை நீட்டினால் எழுதுகிறவர்கள் அதிகமாக எழுதுவார்களா என்றெல்லாம் பொருளாதார மாணவர்கள் இப்போது நிறையப் பேர் ஆய்வுத் தலைப்பு எடுக்கிறார்கள். நல்ல தலைப்புகள்தான். ஆனால் தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்த மறுநாளே கேள்வித்தாள் தயாரித்து, கூகுள் ஃபார்மில் ஏற்றி, கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டு, "திருட்டுத் தளத்தில் படம் பார்ப்பீர்களா, பார்த்தால் தியேட்டருக்குப் போவது குறையுமா" என்று கேட்டு, வந்த பதில்களுக்குச் சதவீதம் போட்டு முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சட்டவிரோதமான ஒன்றைப் பற்றி யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், நிறைய டவுன்லோடு செய்கிறவர்கள் பெரும்பாலும் நிறையக் காசு கொடுத்தும் பார்க்கிறவர்கள்தான், ஏனென்றால் அவர்களுக்குச் சினிமா பிடிக்கும். அந்தத் தரவை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் திருட்டு நகல் வியாபாரத்தை வளர்க்கிறது என்றுகூட முடிவு வரும்.

இந்தத் துறையில் உருப்படியாக வந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே உத்திதான் இருக்கிறது. சட்டமோ தொழில்நுட்பமோ ஒரு குறிப்பிட்ட தேதியில் மாறியிருக்க வேண்டும், அந்த மாற்றம் சிலரைத் தொட்டு, அவர்களைப் போலவே இருக்கும் வேறு சிலரைத் தொடாமல் போயிருக்க வேண்டும். அந்த இரண்டு கூட்டத்தையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். கணிதம், மென்பொருள் எல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம். தேதியும் ஒப்பீட்டுக் கூட்டமும் கிடைக்காவிட்டால் எவ்வளவு கணிதம் போட்டும் பயனில்லை.

சரி, தேதியைத் தேடுவதற்கு முன்னால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இலவச நகலால் ஏற்கெனவே இருக்கிற படைப்பின் வருமானம் குறைகிறதா என்பது ஒரு கேள்வி. அதனால் புதிய படைப்புகள் வருவது குறைகிறதா, அவற்றின் தரம் இறங்குகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் "ஆம்" என்பதால் இரண்டாவதற்கும் "ஆம்" என்று ஆகிவிடாது. பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் 1999-ல் வந்த பிறகு அமெரிக்காவில் பதிவு இசையின் வருமானம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் விமர்சகர்களின் சிறந்த ஆல்பம் பட்டியல்கள், ஒவ்வோர் ஆண்டின் பாடல்களும் பின்னாளில் எவ்வளவு விற்றன, எவ்வளவு ஒலிபரப்பாயின என்பதையெல்லாம் வைத்து ஒவ்வோர் ஆண்டின் தரத்தையும் அளந்தபோது, நாப்ஸ்டருக்குப் பிறகு தரம் விழுந்ததற்கான அறிகுறியே இல்லை. வருமானம் குறைந்த அதே காலத்தில் பாட்டைப் பதிவு செய்வது, விநியோகிப்பது, விளம்பரப்படுத்துவது எல்லாமே மலிவாகிவிட்டதுதான் அவர் சொல்லும் காரணம்.

அதே வால்ட்ஃபோகல், ராகுல் தெலாங்குடன் சேர்ந்து இந்திச் சினிமாவை எடுத்துக்கொண்டார். 1985 முதல் 2000 வரை, வி.சி.ஆரும் கேபிள் டி.வி.யும் பரவி, திருட்டு கேசட்டும் அனுமதியில்லாத ஒளிபரப்பும் பெருகிய காலம். அங்கே படங்களின் வருமானமும் விழுந்தது, புதிய படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது, பார்வையாளர் மதிப்பீட்டில் தரமும் இறங்கியது. இசைக்கு நடந்தது சினிமாவுக்கு நடக்கவில்லை, ஏனென்றால் நகலெடுப்பது மட்டும்தான் மலிவானது, படம் எடுக்கும் செலவு இறங்கவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், உங்கள் தலைப்பில் எந்தச் செலவு இறங்கியது, எது இறங்கவில்லை என்று கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும். செலவு வகைகளைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள அவி கோல்ட்ஃபார்பும் கேத்தரின் டக்கரும் 2019-ல் எழுதிய நீண்ட கட்டுரை போதும். தேடும் செலவு, நகலெடுக்கும் செலவு, கொண்டுசேர்க்கும் செலவு, பின்தொடரும் செலவு, சரிபார்க்கும் செலவு என்று ஐந்தாகப் பிரிப்பார்கள். இந்தத் துறைக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

தேதி எப்படி இருக்க வேண்டும்

பிரான்ஸில் 2009-ல் ஹடோபி என்ற சட்டம் வந்தது. திருட்டு டவுன்லோடு செய்கிறவருக்கு முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, அப்புறம் தண்டனை. பிரெட் டனஹர், மைக்கேல் ஸ்மித், தெலாங், சென் ஆகியோர் ஐடியூன்ஸில் பிரான்ஸின் விற்பனையை இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் விற்பனையோடு ஒப்பிட்டார்கள். பிரான்ஸில் தனிப்பாடல் விற்பனை 22.5 சதவீதமும் ஆல்பம் விற்பனை 25 சதவீதமும் மற்ற நாடுகளைவிடக் கூடுதலாக இருந்தது. பிரான்ஸின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், ஐபோன் பரவியது போன்ற வேறு காரணங்களால் ஏறிய விற்பனையையும் இந்தச் சட்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தண்டனை நடைமுறைக்கு வரும் முன்பே, சட்டத்தைப் பற்றி மக்கள் பேச ஆரம்பித்ததுமே விற்பனை ஏறத் தொடங்கிவிட்டது. ஆக, அரசிதழில் அச்சான நாள் ஒன்று, மக்கள் காதில் விழுந்த நாள் ஒன்று. எந்த நாளை வைத்து அளக்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்து, காரணத்தையும் எழுதிவையுங்கள்.

நேரடித் தேதி கிடைக்காதபோது சுற்றுவழியும் உண்டு. ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-ஜீயும் கோல்மன் ஸ்ட்ரம்ஃபும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் ஜெர்மன் பள்ளி விடுமுறையைப் பிடித்தார்கள். ஜெர்மன் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதிகம் பாடல்களைப் பகிர்வார்கள், அமெரிக்காவில் டவுன்லோடு எளிதாகும், ஆனால் ஜெர்மன் விடுமுறைக்கும் அமெரிக்கர் சி.டி. வாங்குவதற்கும் வேறு எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. விற்பனை பாதிப்பு பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுதான் என்றார்கள். ஸ்டான் லீபோவிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் அந்த ஆய்வை வரிக்கு வரி கேள்வி கேட்டார், பிறகு வந்த பெரும்பாலான ஆய்வுகளும் பாதிப்பு உண்டு என்றே சொல்கின்றன. இந்தச் சண்டையை முழுவதுமாகப் படியுங்கள். ஒரு தரப்பை மட்டும் மேற்கோள் காட்டி எழுதுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது, அது மிகவும் தவறு.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அபிஷேக் நாகராஜ் செய்தது. பேஸ்பால் டைஜஸ்ட் என்று அமெரிக்காவில் ஒரு பழைய பத்திரிகை, பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருப்பது. அமெரிக்காவின் பழைய சட்டப்படி 1964-க்கு முன் வெளியான எதற்கும் 28-ஆவது ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டும், புதுப்பிக்கவில்லையென்றால் பொதுவுடைமை, அதாவது உரிமை யாரிடமும் இல்லை. பத்திரிகை புதுப்பிக்கவில்லை. 1964 முதல் வெளியானவற்றுக்குச் சட்டமே தானாகப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டது. ஆக, 1963-ன் இதழை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், 1964-ன் இதழைத் தொடக்கூடாது. ஒரே பத்திரிகை, அதே மாதிரியான படங்கள், ஒரே மாதிரியான எழுத்து. இந்த வேறுபாடு பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் நூலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. 2008 டிசம்பரில் கூகுள் புக்ஸ் எல்லா இதழ்களையும் ஸ்கேன் செய்து ஒரே நேரத்தில் இணையத்தில் போட்டது.

அதற்குப் பிறகு விக்கிபீடியாவில் என்ன நடந்தது என்று நாகராஜ் பார்த்தார். பொதுவுடைமை இதழ்களின் காலத்தில் ஆடிய வீரர்களின் பக்கங்களில் படங்கள் வந்து சேர்ந்தன, பக்கத்துக்கு வருகிறவர்களும் கூடினார்கள். உரிமை உள்ள இதழ்களின் காலத்து வீரர்களுக்கு அது நடக்கவில்லை. 2008-க்கு முன் இரண்டு கூட்டத்துக்கும் இடையே இப்படி ஒரு இடைவெளி இல்லை. எழுத்தில் வேறுபாடு அவ்வளவாக இல்லை, படத்தில்தான் பெரிதாகத் தெரிந்தது, ஏனென்றால் ஒரு கட்டுரையில் உள்ள தகவலைப் படித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ளலாம், புகைப்படத்தை அப்படி மாற்றி எழுத வழியில்லை. இரண்டு மாற்றங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்ததுதான் இதன் அழகு. டிஜிட்டல் ஆக்கம் இல்லாமல் சட்ட வேறுபாடு எதையும் செய்யவில்லை, சட்டம் தடுக்கும் இடத்தில் டிஜிட்டல் ஆக்கமும் முழுப் பயனைத் தரவில்லை.

நாகராஜும் இம்கே ரைமர்ஸும் சேர்ந்து ஹார்வர்டு நூலகப் புத்தகங்களையும் பார்த்தார்கள். கூகுள் ஸ்கேன் செய்தபின் அந்தப் புத்தகங்களை நூலகத்தில் இரவல் எடுப்பது குறைந்தது, ஆனால் கடையில் அச்சுப் பிரதி விற்பனை ஏறியது. அதிலும் அதிகம் அறியப்படாத புத்தகங்களுக்கே ஆதாயம். இலவசம் வந்தால் விற்பனை செத்துவிடும் என்று நம் பதிப்பாளர்கள் பயப்படும்போது இந்த முடிவை நினைவில் வையுங்கள், ஆனால் அப்படியே தமிழுக்குப் பொருத்திவிடாதீர்கள். அங்கே தேடிக் கண்டுபிடித்தவர் உடனே வாங்க ஒரு அச்சுப் பிரதி இருந்தது. நம்மிடம் பல நூல்கள் அச்சிலேயே இல்லை.

நம் வாசலில் கிடக்கும் தேதிகள்

தமிழில் இந்த ஆய்வுக்குக் கிடைக்கிற வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது, அதை இன்னும் நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பாரதியின் படைப்புரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கியதிலிருந்து இன்றுவரை தமிழ்நாடு அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கிக்கொண்டே வருகிறது. வாரிசுகளுக்கு ஒரு பரிவுத்தொகை கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அறிவிக்கிறது. பதிப்புரிமை ஒரே நாளில் முடிந்துபோவது, அதுவும் எழுத்தாளருக்கு எழுத்தாளர் வெவ்வேறு ஆண்டில் முடிவது, ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதோடு இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை. கல்கி 1954 டிசம்பரில் இறந்தார், நாட்டுடைமை என்று ஒன்று இல்லாதிருந்தால் 2015 ஜனவரி 1 வரை பதிப்பாளர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். புதுமைப்பித்தன் 1948-ல் இறந்தார், அவருக்கு 2009 ஜனவரி 1. நாட்டுடைமைத் தேதிக்கும் இந்தச் சட்டத் தேதிக்கும் நடுவே உள்ள ஆண்டுகள்தான் அரசின் முடிவால் வாசகருக்குக் கூடுதலாகக் கிடைத்த காலம். இன்னொரு தேதியும் உண்டு. முன்பு இந்தியாவில் உரிமைக் காலம் 50 ஆண்டுகள்தான். தாகூர் 1941-ல் இறந்ததால் 1991 முடிவில் அவர் நூல்களின் உரிமை முடிய வேண்டும், அதற்குச் சற்று முன்பு காலம் 60 ஆக நீட்டப்பட்டது. இதன் விளைவு, 1940-ல் இறந்தவரின் நூல்கள் 1991 ஜனவரியிலேயே பொதுவாகிவிட்டன, 1941-ல் இறந்தவரின் நூல்கள் 2002 ஜனவரியில்தான். இறப்பில் ஒரு வருட வித்தியாசம், உரிமையில் 11 வருட வித்தியாசம். வங்காளம், மராத்தி, தமிழ் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யக்கூடிய ஆய்வு இது.

இனித் தரவு. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒரு பதிப்புக்கு ஒரு வரிசை என்று வையுங்கள். ஒரு நூலுக்கு ஒரு வரிசை என்று வைத்தால் பின்னால் எல்லாம் சிக்கும். எழுத்தாளர், இறந்த ஆண்டு, நாட்டுடைமை அரசாணையின் தேதி, நூல் பெயர், முதல் பதிப்பு ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு, பதிப்பகம், பக்கங்கள், கெட்டி அட்டையா சாதா அட்டையா, விலை. இவ்வளவு போதும். விலையைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றி, நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணால் பணவீக்கத்தைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் 1985-ன் 20 ரூபாயையும் 2015-ன் 200 ரூபாயையும் ஒப்பிட்டு அர்த்தமில்லாத முடிவுக்கு வருவீர்கள்.

இந்த விவரங்கள் எங்கே? சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் போக வேண்டும், நடைமுறையில் எல்லாப் பதிப்பகமும் அனுப்புவதில்லை. அதனால் அந்த ஒரு நூலகத்தின் நூல் அட்டவணையை மட்டும் நம்பாமல் ரோஜா முத்தையா நூலகம், பல்கலைக்கழக நூலகங்கள், பதிப்பகங்களின் பழைய விலைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அட்டவணையில் எழுதியிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள், முடிந்தவரை புத்தகத்தைக் கையில் வாங்கி உரிமை விவரம் அச்சாகியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். "மறுபதிப்பு" என்று போட்டிருப்பது புதிய அச்சுக்கோப்பா, பழையதையே திரும்ப அடித்ததா என்பது பக்க எண்ணிக்கையிலும் எழுத்துருவிலும் தெரிந்துவிடும். இந்த வேலை மெதுவாகத்தான் நகரும், ஆனால் ஆய்வின் பலமே இதில்தான் இருக்கிறது.

டிஜிட்டல் பக்கத்துக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 முதல் இயங்குகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்கள் தமிழ் விக்கிமூலத்துக்கும் வந்தன. விக்கி தளங்களில் ஒரு பெரிய வசதி, எந்தக் கோப்பு எந்த நாளில் ஏறியது என்பது வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும், 2015 ஜூலை முதல் ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் அதிகாரப்பூர்வமாக வந்தன, அதுவும் ஒரு தேதிதான்.

எங்கே சறுக்கும்

நாட்டுடைமை லாட்டரி சீட்டு போல எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. புகழ்பெற்றவர், அரசியல் நெருக்கம் உள்ளவர், குடும்பம் சிரமத்தில் இருப்பவர் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும், வாரிசுகள் வேண்டாம் என்று மறுத்த நிகழ்வுகளும் உண்டு. ஆகவே நாட்டுடைமை ஆனவரையும் ஆகாதவரையும் சும்மா ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது புகழைத்தான். இதற்கு முழு மருந்து கிடையாது, ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, பின்னாளில் நாட்டுடைமை ஆகப்போகிறவர்களையே இன்று ஆனவர்களுக்கு ஒப்பீடாக வையுங்கள், இருவருமே ஏதோ ஒரு கட்டத்தில் தேர்வானவர்கள்தான். இன்னொன்று, நாட்டுடைமைக்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளின் போக்கை வரைபடமாகப் போட்டுக் காட்டுங்கள். அறிவிப்புக்கு முன்பே பதிப்புகள் ஏறத் தொடங்கியிருந்தால், அந்த எழுத்தாளருக்கு ஏற்கெனவே கவனம் கூடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

வெவ்வேறு ஆண்டில் மாற்றம் நடக்கும் இந்த மாதிரித் தரவுக்கு, பழைய பாடப்புத்தகம் சொல்லும் முறையில் எழுத்தாளருக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று நிலை விளைவு (அவரவருக்கும் அந்தந்த ஆண்டுக்கும் உரிய வேறுபாட்டைக் கழிக்கும் எண்) போட்டு ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கை ஓட்டினால் தப்பான எடைகள் வந்து விழும். 2021-ல் குட்மன்-பேக்கன் என்ற பொருளாதார அறிஞர் இதை விளக்கினார், காலவேயும் சான்ட் அன்னாவும் மாற்று முறை கொடுத்தார்கள். ஆர், ஸ்டேட்டா என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருளிலும் அதற்கான தொகுப்புகள் இலவசம். வழிகாட்டிக்கு இது புதிதாக இருந்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வருகிறவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். பொது நூலகத் துறை நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வரும் ஆண்டில் பதிப்பகங்கள் நிறைய அடிக்கும், வராத ஆண்டில் கையைக் கட்டிக்கொண்டிருக்கும். சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பர், ஜனவரியில் பதிப்புகள் குவியும், டிசம்பரில் அச்சான நூலில் அடுத்த ஆண்டின் எண் இருக்கும். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் ஆண்டுவாரியாக எண்ணினால் இல்லாத உச்சங்களெல்லாம் தெரியும்.

பதிப்புகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒரே நாவலை இருபது பதிப்பகம் போடுவது வாசகருக்கு நல்லதா, அல்லது ஏற்கெனவே புகழ்பெற்ற இரண்டு மூன்று தலைப்புகளை மட்டும் எல்லோரும் அடித்துவிட்டு அதே எழுத்தாளரின் மற்ற நூல்களைக் கைவிட்டார்களா என்பது முக்கியமான கேள்வி. ஒவ்வோர் எழுத்தாளருக்கும் நாட்டுடைமைக்குப் பின் முதன்முறையாக மறுபதிப்பு கண்ட நூல்கள் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். தரத்தையும் அளக்கலாம்: முதல் பதிப்பிலிருந்து ஒரு பத்துப் பக்கம் எடுத்து, மலிவுப் பதிப்புகளில் அதே பக்கங்களில் விடுபட்ட வரிகளையும் எழுத்துப் பிழைகளையும் எண்ணுங்கள். இதை ஒழுங்காகச் செய்து எழுதினால் பதிப்பாளர்களும் வாசகர்களும் இன்று வெறும் அபிப்பிராயமாகப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்துக்கு முதல்முறையாக எண்கள் கிடைக்கும்.

வாரிசுகளிடமும் பேசுங்கள். பரிவுத்தொகை கிடைத்த குடும்பம் அதற்கு முன் ஆண்டுக்கு எவ்வளவு ராயல்டி பெற்றது, ஒழுங்காகப் பெற்றதா என்பது எந்த அட்டவணையிலும் இருக்காது. பெயரை வெளியிட மாட்டேன் என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டுக் கேளுங்கள், அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். பதிப்பாளர்கள் அச்சிட்ட பிரதி எண்ணிக்கையைச் சொல்லத் தயங்குவார்கள், ஆயிரத்துக்கு மேலா கீழா என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

படிப்பதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முக்கியமான கட்டுரைகளின் முன்வரைவுகள் எஸ்.எஸ்.ஆர்.என். தளத்திலும் ஆசிரியர்களின் சொந்தப் பக்கங்களிலும் கிடைக்கும், அமெரிக்காவின் என்.பி.இ.ஆர். அமைப்பு டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்றே ஒரு திட்டம் நடத்தியது, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரியேட் மையம் பதிப்புரிமை பற்றிய ஆய்வு முடிவுகளை ஒரு விக்கியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. செர்சி என்ற சங்கம் பதிப்புரிமைப் பொருளாதாரத்துக்காகவே ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது, இதழும் வெளியிடுகிறது.

ஆய்வு முடிந்ததும் ஸ்ப்ரெட்ஷீட்டையும் கணக்குப் போட்ட நிரலையும் சேர்த்து வெளியிடுங்கள். விலை, பக்க எண்ணிக்கை, பதிப்பு ஆண்டு போன்ற தகவல்களுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது, ஆனால் மேலட்டைப் படமும் பின்னட்டை வாசகமும் அப்படியல்ல, அவற்றைத் தரவுக் கோப்பில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வரிசையும் எந்த நூலகத்தில், எந்த அழைப்பு எண்ணில் பார்த்தது என்று ஒரு தனி நெடுவரிசையில் எழுதிவிடுங்கள், அடுத்து வருகிறவர் அதே அலமாரிக்குப் போய்ச் சரிபார்க்கட்டும்.